கொழுப்பு மாத்திரையும் தொடை வலியும்: உங்களுக்கு எப்படி?

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து ராத்திரி ஒரு அட்டோர்வாஸ்டாடின் 40, ஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரை. மூன்றாம் மாதம் கோயில் படி ஏறும்போது இரண்டு தொடையும் கல்லாகக் கனத்தது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன், "அந்த மாத்திரை சதையைத் தின்னுடும், நிறுத்துப்பா" என்றார். நானாகவே 10 நாள் நிறுத்திவிட்டேன். ஸ்டென்ட்டை வைத்துக்கொண்டு செய்யக்கூடாத காரியம். டாக்டரிடம் வாங்கிய திட்டு தனிக் கதை.

சதை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சிபிகே பார்த்தார்கள், நார்மல். கூடவே எழுதிய தைராய்டு டெஸ்டில்தான் மாட்டியது: தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச், எனக்கு 22. தைராய்டு குறைந்தால் அதுவே சதையை வலிக்க வைக்குமாம், கொழுப்பையும் ஏற்றுமாம், இந்த மாத்திரையின் தொந்தரவையும் கூட்டுமாம். முதலில் தைராய்டைச் சரிசெய்து, பிறகு அதே ஸ்டாடின் வகையில் ரோசுவாஸ்டாடின் 5, கூட ஸ்டாடின் அல்லாத கொழுப்பு மாத்திரை எஸெட்டிமைப் 10. கெட்ட கொழுப்பான எல்டிஎல் இப்போது 62. படி ஏறுகிறேன். எழும்போது கை ஊன்றுவது மட்டும் நிற்கவில்லை, அது வயசு.

—

எங்க அம்மாவுக்கு 71. வருஷக்கணக்கா அட்டோர்வா, ஒரு தொந்தரவும் இல்லை. சளிக்கு வேறொரு கிளினிக்கில் கிளாரித்ரோமைசின் கொடுத்தாங்க. அஞ்சாம் நாள் தலை வாரக் கை தூக்க முடியலை, சிறுநீர் கடுங்காப்பி நிறம். சிபிகே ஆயிரக்கணக்கில். சதை சிதைஞ்சதால சிறுநீரகம் கெடாம இருக்க சலைன் ஏத்தி, 6 நாள் ஆஸ்பத்திரி. அந்த ஆன்டிபயாடிக் இருந்தா அட்டோர்வா உடம்பில் சீக்கிரம் கழியாது, தேங்கிடும். எங்கே போனாலும் பழைய மாத்திரை அட்டைகளைக் கையோட கொண்டுபோங்க.

—

என் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. பக்கவிளைவுகளைத் தேடிப் படித்த வாரத்தில்தான் எனக்கு ஆடுசதை வலியே வந்தது. டாக்டர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் 2020 ஆய்வைச் சொன்னார். பக்கவிளைவால் மாத்திரையை விட்ட 60 பேர்; ஒரு வருஷத்தில் சில மாதம் ஸ்டாடின், சில மாதம் மருந்தில்லாத வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை. ஸ்டாடினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்திருக்கிறது. எனக்குக் கோபம், அப்போ நான் நடிக்கிறேனா என்று கேட்டுவிட்டேன். "வலி நிஜம்தாங்க, காரணம்தான் வேற" என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் ரோசுவா 5 தொடங்கி, இப்போது தினமும்.

—

முதலில் எழுதியவன்தான். அம்மா இப்போ அதே மாத்திரையா எடுக்கிறாங்க?

—

இல்லைங்க, எஸெட்டிமைப் மட்டும். அட்டோர்வா அட்டையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறாங்க.