கையாடல் வழக்கில் விடுதலை, ஆனாலும் பணிநீக்கம்: லெப்டினன்ட் ஃபிளிப்பருக்கு என்ன நடந்தது?

தேன்மொழி (மிட்லண்ட், டெக்சஸ்) கேட்டது:

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேற்கு டெக்சஸில் இருக்கும் ஃபோர்ட் டேவிஸுக்குப் போய்வந்தோம். கோட்டை என்றுதான் பெயர். மதில், அகழி எதுவும் கிடையாது. மலையடிவாரத்தில் ஒரு வரிசையாக அதிகாரிகளின் வீடுகள், எதிரே சிப்பாய்களின் தங்குமிடங்கள், நடுவில் அணிவகுப்புத் திடல். அங்கேதான் ஹென்றி ஃபிளிப்பர் என்ற பெயரை முதன்முதலில் கேள்விப்பட்டேன். அடிமையாகப் பிறந்து, 1877-ல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1881-ல் அதே கோட்டையில் அவர்மீது இராணுவ நீதிமன்ற விசாரணை நடந்திருக்கிறது. அரசுப் பணத்தைக் கையாடினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. ஆனாலும் பணிநீக்கம்.

திரும்பி வரும் வழியில் மகள் கேட்டாள்: "திருடலைன்னு சொல்லிட்டு ஏம்மா வேலையை விட்டுத் தூக்கினாங்க?" நானும் அவள் அப்பாவும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அவள் இரண்டையும் ஏற்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருவூலத்தான் எழுதியது:

அம்மா, உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நான் அரசுக் கருவூலத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரொக்கத்தைக் கையில் வைத்து வேலை பார்த்தவனுக்கு இந்த வழக்கு வேறு மாதிரி தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளிப்பர் மீது இருந்தவை இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, 3,791 டாலர் 77 சென்ட் கையாடல். மற்றொன்று, அதிகாரிக்கும் கண்ணியவானுக்கும் தகாத நடத்தை. முதலாவதில் விடுதலை, இரண்டாவதில் குற்றவாளி. வேலை போனது இரண்டாவதால்.

அந்தத் தகாத நடத்தை என்ன என்பதைப் பணம் போன வழியிலேயே பார்க்கலாம். கோட்டையின் உணவுப் பண்டகசாலைக்கு அவர்தான் பொறுப்பு. சிப்பாய்களும் துணி வெளுக்கும் பெண்களும் அங்கே சாமான் வாங்குவார்கள். கையில் காசு இல்லாதவர்களுக்குக் கடனாகவும் கொடுத்தார். வசூலான பணத்தைச் சான் அந்தோனியோவில் இருந்த மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். 1881 மே மாதம் அந்த மேலதிகாரி, தான் ஊரில் இருக்கப்போவதில்லை, பணம் அனுப்ப வேண்டாம் என்று தெரிவித்துவிட்டார். பணம் சேர்ந்துகொண்டே போனது. எங்கே? பெட்டகத்தில் அல்ல, ஃபிளிப்பரின் குடியிருப்பில் ஒரு டிரங்குப் பெட்டியில். அவர் வீட்டு வேலைக்காரப் பெண் தன் துணிமணிகளை வைத்திருந்ததும் அதே பெட்டியில்தான்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாங்கள் இரட்டைப் பூட்டில் வளர்ந்தவர்கள். ஒரு சாவி ஒருவரிடம், மறு சாவி இன்னொருவரிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். அந்தப் பூட்டு காப்பாற்றுவது பணத்தை மட்டுமல்ல, பணம் பார்க்கும் மனிதனையும்தான். 25 வயதுப் பையனை, படையிலேயே அவன் ஒருவன்தான் கறுப்பின அதிகாரி என்ற நிலையில், அந்தப் பாதுகாப்பு இல்லாமல் விட்டிருந்தார்கள்.

ஜூலையில் எண்ணிப் பார்த்தால் 2,000 டாலருக்கு மேல் குறைகிறது. இங்கேதான் அவர் தவறு செய்தார், நான் அதை மறைக்கவில்லை. கோட்டைத் தளபதி கர்னல் வில்லியம் ஷாஃப்டரிடம் பணம் குறைவதைச் சொல்லவில்லை. பணத்தை அனுப்பிவிட்டேன் என்று சொன்னார். கணக்கு சரியாகத் தெரிவதற்காக 1,440 டாலர் 43 சென்ட்டுக்குத் தன் சொந்தக் காசோலை ஒன்றை எழுதி வைத்தார். அந்தக் காசோலைக்குரிய சான் அந்தோனியோ வங்கியில் அவருக்குப் பணம் கிடையாது. 1878-ல் வெளிவந்த தன் வெஸ்ட் பாயிண்ட் நினைவுக் குறிப்புகளுக்குப் பதிப்பகத்திலிருந்து தொகை வரும், அதைப் போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பியிருந்தார். ஆகஸ்டில் பணம் வந்து சேரவில்லை என்று சான் அந்தோனியோவிலிருந்து தகவல் வந்ததும் எல்லாம் வெளிப்பட்டது.

சோதனை போட்டபோது சுமார் 2,800 டாலர் மதிப்புள்ள காசோலைகள் அந்த வேலைக்காரப் பெண்ணின் உடைக்குள் இருந்தன. குறைவாக இருந்த மீதித் தொகையை ஊர்க்காரர்களும் வியாபாரிகளும் சில நாட்களிலேயே திரட்டிக் கட்டிவிட்டார்கள். அதில் 100 டாலர் ஷாஃப்டரே கொடுத்தது. அரசுக்கு ஒரு சென்ட்கூட நட்டமில்லை.

ஆக, உங்கள் மகளுக்கு இப்படிச் சொல்லுங்கள்: திருடியதற்காக அல்ல, பணம் காணோம் என்பதைச் சொல்லாமல் பொய் சொன்னதற்காக.

மேசைவிளக்கு எழுதியது:

விளக்கம் தெளிவாக இருக்கிறது ஐயா. ஆனால் ஒரு சந்தேகம். இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதி, அதைக் கணக்கில் காட்டி, மேலதிகாரியிடம் பொய்யும் சொன்னால் இன்று எந்த அலுவலகத்திலும் வேலை போகும். இதில் இனப் பாகுபாடு எங்கே வந்தது? பாவம் என்று நினைப்பது வேறு, அநியாயம் என்று சொல்வது வேறு இல்லையா?

கருவூலத்தான் எழுதியது:

தம்பி, நியாயமான கேள்வி. உங்களுக்குப் பதில் சொல்ல என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு சிறிய ஊரில் ரொக்கப் பிரிவு. மாதத்தின் முதல் தேதி, ஓய்வூதியக் கூட்டம் வாசல்வரை. மாலையில் எண்ணினால் 400 ரூபாய் குறைகிறது. அப்போது அது என் சம்பளத்தில் பெரும்பகுதி. மூன்று முறை எண்ணினேன். பிறகு ரொக்கப் புத்தகத்தில் இருப்பு சரி என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். விடிந்ததும் மனைவியின் மோதிரத்தை அடகு வைத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். போட்டுவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் என் அதிகாரி முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். புத்தகத்தில் உண்மையை எழுத வைத்தார், ஒரு மெமோ கொடுத்தார், அதோடு விட்டார். அன்று நான் எழுதியதும் பொய்க் கணக்குதான். ஃபிளிப்பர் எழுதியதும் அதுதான். என்னிடம் சொல்லும் தைரியம் வந்ததற்குக் காரணம், எதிரே இருந்தவர் என் பேச்சைக் கேட்பார் என்ற நம்பிக்கை.

ஃபிளிப்பருக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? வெஸ்ட் பாயிண்டில் நான்கு வருடம் சக மாணவர்கள் அவரிடம் பேசாமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 76 பேரில் 50-ஆவதாகத் தேறி வெளியே வந்தார். கோட்டையிலும், ஷாஃப்டரை நம்பாதே, உன்னைச் சிக்கவைக்கப் பார்க்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் எச்சரித்ததாக விசாரணையில் தந்த எழுத்துமூல அறிக்கையில் சொல்லியிருக்கிறார். அந்த எச்சரிக்கை மெய்யோ பொய்யோ, அவர் அதை நம்பினார். பயந்த மனிதன் கணக்கை மூடித்தான் வைப்பான்.

சரி, பாகுபாடு எங்கே என்று கேட்டீர்கள். முதலாவது, கைது செய்த விதம். அதிகாரி ஒருவரைக் கைது செய்தால் அவர் குடியிருப்பிலேயே காவலில் வைப்பதுதான் வழக்கம். இவரை ஆறரை அடிக்கு நாலரை அடி அறையில், சிப்பாய்களை அடைக்கும் சிறையில் தள்ளினார்கள். மேலிடம் தலையிட்ட பிறகுதான் வெளியே விட்டார்கள். அடுத்தது, தண்டனை. போர்ச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, தகாத நடத்தை மெய்ப்பிக்கப்பட்டால் பணிநீக்கம் என்று ஒரே தண்டனையைத்தான் வைத்திருந்தது. எனவே நீதிமன்றத்துக்கு வேறு வழியில்லை. ஆனால் கோப்பு மேலே போகும்போது குறைக்கலாம். படையின் தலைமைச் சட்ட அதிகாரி டேவிட் ஸ்வேம் அப்படித்தான் பரிந்துரைத்தார், இதைவிடக் குறைந்த தண்டனை போதும் என்று. ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் அதை ஏற்கவில்லை. 1882 ஜூன் 30-ல் எல்லாம் முடிந்தது. என் கோப்பில் ஒரு மெமோ, அவர் கோப்பில் பணிநீக்கம். பிழை ஒன்றுதான். அதனால்தான் அநியாயம் என்கிறேன்.

ஒருவரைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். 16-ஆவது காலாட்படையின் கேப்டன் மெரிட் பார்பர், ஒரு வெள்ளை அதிகாரி, தானே முன்வந்து ஃபிளிப்பருக்காக வாதாடினார். கையாடல் குற்றச்சாட்டு நிற்காமல் போனதில் அவர் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

நில அளவன் எழுதியது:

விசாரணையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், அவர் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சிவில் இன்ஜினியர். 10-ஆவது குதிரைப்படையில் சேர்ந்த ஃபிளிப்பர் முதலில் இருந்தது இன்றைய ஓக்லஹோமாவில் உள்ள ஃபோர்ட் சில். அங்கே மழைநீர் குட்டை குட்டையாகத் தேங்கி மலேரியா. ஜெர்மனியில் பயின்ற ஒரு பொறியாளர் முயன்று முடியாமல் போன வேலையை இவரிடம் கொடுத்தார்கள். சரிவை அளந்து ஒரு வடிகால் வெட்டினார், தண்ணீர் வடிந்தது. கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது 1897-ல்; இது அதற்குச் சுமார் 20 வருடம் முன்னால். ஃபிளிப்பர் வாய்க்கால் என்றே பெயர். 1977-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

பணிநீக்கத்துக்குப் பிறகும் அந்தக் கைதான் சோறு போட்டது. மெக்சிகோவிலும் எல்லைப் பகுதிகளிலும் நில அளவை, சுரங்க வேலை. ஸ்பானிய மொழியில் இருந்த பழைய நில ஆவணங்களைப் படித்துச் சரிபார்க்க அமெரிக்க நீதித்துறையே 1893-ல் அவரை அமர்த்தியது. நேர்மையில்லை என்று துரத்திய அரசு, பட்டா உண்மையா போலியா என்று பார்க்க அவரிடமே வந்திருக்கிறது.

தேன்மொழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கருவூல ஐயா, உங்கள் 400 ரூபாய்க் கதையை மகளுக்கு அப்படியே சொன்னேன். அவள் கேட்டது: "அப்புறம் அவருக்கு வேலை திரும்பக் கிடைச்சுதா?"

கருவூலத்தான் எழுதியது:

இல்லை அம்மா. 1898-லிருந்து 1920-கள் வரை அமெரிக்கக் காங்கிரஸில் அவருக்காக மசோதா மேல் மசோதா போனது. ஒன்றும் நிறைவேறவில்லை. 1898-ல் ஸ்பெயினுடன் போர் வந்தபோது மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அந்தப் போரில் கியூபாவுக்குப் போன படைக்குத் தளபதி யார் தெரியுமா, அதே ஷாஃப்டர்.

ஃபிளிப்பர் 1940-ல் அட்லாண்டாவில் தம்பி ஜோசஃப் வீட்டில் இறந்தார், வயது 84. ஜார்ஜியாவில் ஒரு பள்ளி ஆசிரியரும் குடும்பத்தாரும் விடாமல் முயன்று, 1976-ல் இராணுவம் அவருடைய பணிநீக்கத்தைக் கௌரவமான பணிவிடுப்பாக மாற்றியது. தண்டனை அளவுக்கு மீறியது, அநீதியானது என்று எழுதினார்கள். ஆணைக்கு இட்ட தேதி 1882 ஜூன் 30. நான் எத்தனையோ முன்தேதி ஆணைகளைப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன், 94 வருடம் பின்னால் போன ஆணையைக் கண்டதில்லை. குற்றத்தீர்ப்பு அப்போதும் அப்படியே இருந்தது. 1999 பிப்ரவரி 19-ல் ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அதுவும் தீர்ந்தது.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். ஃபிளிப்பரின் அப்பா ஃபெஸ்டஸ் செருப்புத் தைக்கும் தொழிலாளி, அடிமை. எஜமானர் ஊர் மாறியபோது, வேறொருவரிடம் அடிமையாக இருந்த தன் மனைவியையும் குழந்தையையும் பிரியாமல் இருக்க, தான் சேர்த்த காசை எஜமானருக்கே கடனாகக் கொடுத்து அவர்களை வாங்க வைத்தார். அந்த ஃபெஸ்டஸின் இன்னொரு மகன்தான் ஜோசஃப், பின்னாளில் பிஷப் ஆனவர். 1940-ல் அண்ணனின் இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் அவர் எழுதியது: ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரி.