கொலையாளி யார் என்று தெரிந்தே படித்த நாவல்

கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவலை ஆங்கிலத்தில் படித்த அனுபவத்தைப் பகிர விரும்புகிறேன். 2005இல் ஜப்பானிய மொழியில் நூலாக வந்து நவோகி விருது பெற்ற படைப்பு இது. கொலை செய்தவர் யார் என்ற கேள்வியே துப்பறியும் கதையின் உயிர் என்று எண்ணியிருந்த எனக்கு, முதல் அத்தியாயத்திலேயே அது தீர்ந்துபோனது பெரும் வியப்பளித்தது. டோக்கியோவில் பென்டோ உணவுக் கடையில் வேலை செய்யும் யசுகோ, விடாமல் தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவனை மகளின் துணையோடு கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறாள். பக்கத்து வீட்டில் தனியாக வாழும் கணித ஆசிரியர் இஷிகாமி, யாரும் கேட்காமலேயே அதை மறைக்கும் பொறுப்பை ஏற்கிறார்.

தாயும் மகளும் திரைப்படத்துக்குச் சென்றதாகப் போலீஸிடம் கூறுவதை முழுமையாக நம்பவும் முடிவதில்லை, பொய்யென்று நிறுவவும் முடிவதில்லை. அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் என்னை இரவு வெகுநேரம் விழித்திருந்து படிக்க வைத்தது. வழக்கில் உதவும் இயற்பியல் பேராசிரியர் யுகாவா, இஷிகாமியின் கல்லூரிக்கால நண்பர் என்பதால், உண்மையை நெருங்க நெருங்க அவர் படும் வேதனை என்னையும் பற்றிக்கொண்டது. படித்து முடித்ததும் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினேன். இஷிகாமி சுமிதா ஆற்றங்கரை வழியாகப் பள்ளிக்கு நடந்து செல்லும் பக்கங்களை இம்முறை வரி வரியாக, மிக மெதுவாகப் படித்தேன். காரணத்தைச் சொன்னால் இனிப் படிக்கப்போகிறவர்களின் இன்பம் கெட்டுவிடும்.

*

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. நானும் பள்ளியில் கணிதம் கற்பிப்பவன் என்பதால், இஷிகாமி தேர்வு வினாக்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் புத்தகத்தைச் சற்று மூடி வைத்து யோசித்தேன். வடிவியல் வினாவைப் போலத் தோன்றினாலும் உண்மையில் அது சார்புகளைப் (functions) பற்றிய வினா என்கிறார் அவர். அத்தகைய வினாவைக் கொடுத்தால், நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூட உடனே படம் வரைந்து கோணங்களைக் குறிக்கத் தொடங்கிவிடுவதை வகுப்பில் கண்டிருக்கிறேன்.

வாசகரும் துப்புகளைக் கொண்டு விடையை ஊகிக்கும்படி எழுதப்படும் ‘ஹொன்காகு’ வகைக் கதைகளுக்கான ஹொன்காகு மர்மக்கதை விருதையும் இந்நாவல் 2006இல் பெற்றது. அப்போது, வாசகர் தாமே விடையைக் கண்டறியப் போதுமான துப்புகள் இதில் இல்லை என்று ரெய்டோ நிகைடோ என்ற எழுத்தாளர் வாதிட, ஜப்பானில் அது நீண்ட விவாதமாயிற்று. அவருடைய கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தேர்வு வினாவைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்திலேயே, நாம் எந்தத் திசையில் தவறாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்.