சோதனை ஓட்ட ஒரே கட்டளை: டாக்ஸுக்கு மாறலாமா?

ஆமைவேகன்: எங்கள் பைத்தான் திட்டத்தில் கணினியில் பைடெஸ்ட்டை (சோதனைகளை ஓட்டும் கருவி) நேராக ஓட்டுகிறோம். சிஐயிலோ (CI, மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) யாம்ல் (YAML) அமைப்புக் கோப்பு சார்புகளை, அதாவது திட்டத்துக்குத் தேவையான பிற தொகுப்புகளை, தன் போக்கில் நிறுவி ஓட்டுகிறது. போன வாரம் இங்கே பச்சை (தேறியது), அங்கே சிவப்பு (விழுந்தது). யாம்லின் பைத்தான் பதிப்புப் பட்டியலில் மேற்கோள்குறி இல்லாமல் 3.10 என்று எழுதியிருந்தோம். யாம்ல் அதை எண்ணாக எடுத்து 3.1 ஆக்கிவிட்டது. இனி எல்லாம் டாக்ஸுக்குள் (tox, தனிச் சூழல் கட்டி அதில் சோதனைகளை ஓட்டும் கருவி), சிஐயில் அதை அழைக்கும் வரி மட்டும் என்கிறேன். யாருக்கு எதிர்ப்பு?

யாம்ல்_பக்தன்: எனக்கு. இரண்டு மேற்கோள்குறியில் முடிகிற விஷயம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? படிகள் தனித்தனியாக இருந்தால் எது விழுந்தது என்று பார்த்ததும் தெரியும். ஒரே வரியில் அடைத்தால் லாக் (log, ஓட்டப் பதிவு) முழுவதையும் உருட்ட வேண்டும்.

ஆமைவேகன்: சிஐயில் பைத்தான் பதிப்புக்கு ஒரு ஜாப் (தனி ஓட்டம்), ஜாபுக்கு ஒரு டாக்ஸ் சூழல் என்று பிரித்தால் அந்தப் பிரச்சினை இல்லை. இன்னொன்று: டாக்ஸ் வழக்கமாகத் தொகுப்பைக் கட்டி நிறுவிவிட்டுத்தான் சோதிக்கும். நிரல் எஸ்ஆர்சி (src) கோப்புறைக்குள் இருந்தால், தொகுப்பில் சேர்க்க மறந்த டெம்ப்ளேட் கோப்பு அங்கேயே மாட்டும். நேராக ஓட்டும் நமக்கு அது வெளியீட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. மறந்துவிட்டதா?

கண்டெய்னர்காரி: டாக்ஸ் பிரிப்பது பைத்தான் தொகுப்புகளை மட்டும்தான். மேக்கில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு வழக்கமாகக் கணக்கில் வராது, லினக்ஸில் வரும். சோதனைத் தரவுக் கோப்பை ஒரு எழுத்து மாற்றித் திறந்தால் போதும், மேக்கில் பச்சை, சிஐயில் சிவப்பு. ஒரே டாக்கர் இமேஜை (லினக்ஸ் கோப்புகளோடு சேர்த்து அடைத்த சூழல்) இரண்டு இடத்திலும் ஓட்டுங்கள்.

யாம்ல்_பக்தன்: விண்டோஸ் பயனர்களின் கதி? லினக்ஸ் இமேஜுக்குள் எத்தனை தடவை ஓட்டினாலும் விண்டோஸ் கோப்புப் பாதைக் கோளாறு தெரியாது. நம் மேசையில் இல்லாததைப் பார்க்கத்தானே சிஐயில் மூன்று இயங்குதளம் வைத்திருக்கிறோம்!

ஆமைவேகன்: அதில் நீங்கள் சொல்வது சரி. நான் ஒன்றாக்கச் சொல்வது கட்டளையையும் சார்புப் பதிப்புகளையும்தான், எந்திரத்தை அல்ல. லாக் கோப்பு (lock file, சார்புகளின் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் கோப்பு) இல்லாமல் டாக்ஸும் வீண். என் கணினியில் போன மாதம் கட்டிய சூழல், சிஐயில் இன்று காலை வெளியான பதிப்பு என்று மறுபடி அதே கதை.

குட்டிப்பாம்பு: நடுவில் ஒரு சந்தேகம். டாக்ஸில் ஒரு சோதனை சில நேரம் விழுகிறது, மறுபடி ஓட்டினால் தேறுகிறது. டாக்ஸ் கோளாறா?

கண்டெய்னர்காரி: செட்டின் (set, வரிசைக்கு உறுதி தராத தொகுதி) வரிசையை நம்பி எழுதியிருப்பீர்கள். அந்த வரிசை ஹாஷ் என்ற எண்ணைப் பொறுத்தது; பைத்தான் 3.3 முதல் சரங்களின் ஹாஷ் வழக்கமாக ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். அதை முடிவு செய்யும் பைத்தான்ஹாஷ்சீட் (PYTHONHASHSEED) மதிப்பை ஓட்டப் பதிவில் அச்சிட வையுங்கள். விழுந்த எண்ணைக் கொடுத்து ஓட்டினால் அதே இடத்தில் திரும்ப விழும்.

யாம்ல்_பக்தன்: லாக் கோப்புக்குச் சம்மதம். டாக்ஸை ஒரு கிளையில் போடுங்கள். சூழல் கட்ட ஜாபுக்கு எத்தனை நிமிடம் கூடுகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் சண்டையைத் தொடர்வோம்.