கேரட் பாத்தியில் ரோஸ் பூ புளியாரை, எப்படி ஒழிப்பது?

நண்பர்களே, கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் கேரட், பீட்ரூட், பீன்ஸ் போட்டிருக்கிறோம், பாத்தி முழுக்க ரோஸ் நிறத்தில் பூக்கிற புளியாரை பரவிவிட்டது. மஞ்சள் பூ வைக்கும் சின்னப் புளியாரை இல்லை, மெக்சிகோ பக்கமிருந்து வந்த, அகல இலை ஜாதி. பூ அவ்வளவு அழகு. ஆனால் மண்ணுக்குள் தாய்க்கிழங்கைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகளாக விட்டு வைத்திருக்கிறது, செடியை இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வருகிறது, கொத்தினால் கிழங்கெல்லாம் சிதறி அடுத்த பாத்தியிலும் முளைக்கிறது. களைக்கொல்லி வேண்டவே வேண்டாம், குழந்தைகள் சாப்பிடுகிற காய். கறுப்பு பாலித்தீன் போட்டு மூடினால் இந்த மலைக் குளிரில் பலன் இருக்குமா, எத்தனை மாதம் மூட வேண்டும்? அப்புறம், கேரட் நாற்று சின்னதாக இருக்கும்போது அதன் வேர் அசையாமல் இந்தக் கிழங்கை எப்படி எடுப்பது? உண்மையிலேயே இதை ஒழித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.