கோடை கிராப்பி: தக்கை சாஞ்சு படுத்தா என்ன அர்த்தம்?

தக்கைசாமி
டெக்சஸ், லேக் ஃபோர்க் ஏரி, ஜூலை, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. கிராப்பிங்கிற நன்னீர் மீனுக்குத் தூண்டில் போட்டேன். 24 அடித் தண்ணி. அடியில கிடக்கிற மரக்குவியலோட உச்சி 15 அடியில. ஸ்லிப் தக்கை (நரம்புல நழுவுற மிதவை), அதை நிறுத்துற முடிச்சு 14 அடியில, மெல்லிசுக் கம்பி முள் 6ஆம் நம்பர், முதுகுல குத்தின மின்னோ (இரைக்கு உயிரோட போடுற பொடிமீன்). தக்கை முங்கவே இல்லை. மெதுவா சாஞ்சு தண்ணி மேல படுத்துடுச்சு. ஈயக் குண்டு கிளையில உட்கார்ந்துடுச்சுன்னு விட்டதுதான் தப்பு. சுருட்டினா வெறும் முள். கிராப்பி இரையைக் கவ்விக்கிட்டு மேல ஏறியிருக்கு. ஈயத்தோட கனம் தக்கைக்கு எட்டலை. படுத்த தக்கையும் கடிதான்.

ஜிக்குமணி
மின்னோ போட்டா இப்படித்தான், தின்னுட்டுப் போயிடும். 1/16 அவுன்ஸ் ஜிக் (ஈயத் தலை வச்ச முள், செயற்கை இரை), 6 பவுண்டு நரம்பு, படகு குவியலுக்கு நேர் மேல. உச்சிக்கு ஒரு அடி மேல நிறுத்தி ஆட்டாம பிடிங்க. கிராப்பி அண்ணாந்து பார்த்து எடுக்கிற மீன். இரைக்காகக் கீழ இறங்குறது அபூர்வம். இன்னொண்ணு: ஒவ்வொரு மீனுக்கும் அப்புறம் ஜிக்குல நரம்பு கட்டுற வளையத்துல முடிச்சு மூக்குப் பக்கமா நழுவியிருக்கும், வால் கீழ தொங்கும். விரலால பின்னுக்குத் தள்ளி, ஜிக் படுக்கையா நிக்குதான்னு பார்த்துட்டு இறக்குங்க. அதை மறந்தா அதே குவியல்ல கடி நின்னுபோகும், நிறத்தை மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு இருப்பீங்க.

ஆழக்காரன்
ரெண்டு பேரும் இரையிலேயே நிக்கிறீங்க. சோனார்ல (தண்ணிக்குள்ள இருக்கிறதைக் காட்டுற கருவி) சென்சிட்டிவிட்டியை ஏத்துங்க, நடுத்தண்ணியில மங்கலா ஒரு பட்டை குறுக்கே ஓடும். அதான் தெர்மோக்ளைன், மேல சூடான தண்ணியும் கீழ குளிர்ந்த தண்ணியும் பிரியுற அடுக்கு. கோடையில அதுக்குக் கீழ ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. பட்டை 18 அடியில ஓடினா, உச்சி 22 அடியில இருக்கிற குவியல் திரையில எவ்வளவு அழகா தெரிஞ்சாலும் காலி வீடு. தக்கைசாமிக்கு 15 அமைஞ்சது அதனாலதான், மின்னோவால இல்லை.

யாரும் கேட்கலை, இருந்தாலும்: குவியல் போடுறவங்க ஏரி நிர்வாகத்துக்கிட்ட கேட்டுட்டு மூங்கில்ல போடுங்க. அஞ்சு கேலன் வாளியில ஆறேழு கழியை விரிச்சு நட்டு, காங்கிரீட் ஊத்தி இறுக விடணும். கழிக்குள்ள காத்து இருக்கிறதால தண்ணிக்குள்ள நிமிர்ந்தே நிக்கும். படுக்கைக் கிளை இல்லாததால முள்ளும் அதிகம் மாட்டாது. பட்டைக்கு மேல உச்சி வர்ற மாதிரி நீளத்தை வெட்டுங்க. ஒரே வாளி பத்தாது, நாலஞ்சு பக்கத்துல பக்கத்துல.

மின்னோபக்தன்
ஜிக்குமணி அண்ணே, செத்த மின்னோவைத்தான் குறை சொல்லணும். வாளியை வெயில்ல வச்சா சீக்கிரமே மல்லாந்துடும். ஐஸைத் தண்ணியில நேராப் போட்டா குழாய்த்தண்ணி குளோரின் கொன்னுடும். பாட்டில்ல தண்ணியை உறைய வச்சு, மூடியோட மிதக்க விடுங்க.

தக்கைசாமி
அதெல்லாம் சரி. படுத்த தக்கைக்குக் கோலைச் சடக்குன்னு வெட்டி இழுக்கணுமா?

ஜிக்குமணி
வெட்டினா உதடு கிழியும், கிராப்பிக்குக் காகிதம் மாதிரி மெல்லிசு வாய். தொய்வைச் சுருட்டுங்க, கனம் தெரிஞ்சதும் கோலை ஒரு அடி தூக்கினா போதும். படகோரம் வந்ததும் நரம்பைப் பிடிச்சுத் தூக்காதீங்க, வலை வைங்க. இந்த ஏரியில கோடை விதிப்படி 10 அங்குலம் இல்லாததை விடணும், ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு 25. ஆனா 25 அடிக்குக் கீழ இருந்து வர்றது வயிறு உப்பி மிதக்கும், விட்டாலும் இறங்காது. அந்த ஆழத்துல பொடிசாவே வந்தா அடுத்த குவியலுக்குப் போயிடுங்க.