கூட்டாக எழுதும் கதையில் ஒருவருடைய பாத்திரத்தை இன்னொருவர் முடித்துவைக்கலாமா?

பூம்பாறைவாசி எழுதியது:

கொடைக்கானல், பெருமாள்மலை, தாண்டிக்குடி எனப் பிரிந்திருக்கும் பள்ளித் தோழிகள் நால்வர், டெலிகிராமில் ஒரு குழு அமைத்து, ஏற்கெனவே உள்ள கதைகளின் மாந்தர்களை ஆளுக்கொருவராக எடுத்துக்கொண்டு மாறிமாறி எழுதி வருகிறோம். ஃபேன் ஃபிக்‌ஷன் என்றும் ரோல்பிளே என்றும் சொல்கிறார்களே, எங்கள் குழுவில் அவை இரண்டும் கலந்தே நடக்கின்றன. தொடக்கத்தில் ஆங்கில மாயாஜால நாவல்களின் பாத்திரங்களை வைத்து விளையாடினோம். பிறகு எங்கள் மலைக்கே உரியவனான வையாவிக் கோப்பெரும் பேகனைப் பிடித்துக்கொண்டோம். அவன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்ததும், அவளுக்காகப் புலவர்கள் அவனிடம் சென்று பேசியதும் பலருக்குத் தெரியாது. (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு.) நாங்கள் எழுதுவது அந்தப் பகுதியைத்தான்.

நான் கண்ணகியாக எழுதுகிறேன். பேகனாக எழுதும் தோழி சென்ற வாரம், தேர் வாசலில் வந்து நின்றதாகவும், மணியோசை கேட்ட மாத்திரத்தில் கண்ணகி ஓடிவந்து அவன் காலில் விழுந்து அழுததாகவும், அவன் அவளைத் தூக்கி நிறுத்தியதாகவும் எழுதி அத்தியாயத்தையே முடித்துவிட்டாள். நடை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பாத்திரம் அழுவதா, கதவை அடைப்பதா என்பதை நான் அல்லவா எழுத வேண்டும்? கேட்டால், "கதை நகர வேண்டாமா?" என்கிறாள். மற்ற இருவரும் வாய்திறக்கவில்லை.

இதனோடு இன்னும் இரண்டு ஐயங்கள். அடுத்தவர் படைத்த பாத்திரத்தை வைத்து எழுதுவது நகலெடுப்பதற்குச் சமம் என்று என் அண்ணன் சொல்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது? இந்தக் கதை முடிந்தபின் பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் வெளியிடலாமா?

ஆயக்குடி தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களையும் நால்வரும் சேர்ந்து வாய்விட்டுப் படித்துவிட்டு, அதன்பின் வழக்கைத் தொடருங்கள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் பாடியவை அவை. பரணர் மட்டும் இரண்டு பாடியிருக்கிறார். "பசித்தும் வாரேம், பாரமும் இலமே" என்று சொல்லிவிட்டு, இன்றிரவே நீ தேரேறிச் சென்று அவள் துயரைக் களைவதுதான் நாங்கள் இரக்கும் பரிசில் என்று அவர் கேட்கும் 145-ஆம் பாடலை உங்கள் குழுவில் புலவராக எழுதுபவர் மனப்பாடமே செய்துவிடலாம்.

உங்களுக்கு உரியது 144. அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணைக் கண்டு, புலவர்கள் 'எங்கள் நட்பை விரும்புகிறவனுக்கு நீ உறவோ?' என்று கேட்கிறார்கள். அவள் காந்தள் மொட்டுப் போன்ற விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "யாம் அவன் கிளைஞரேம் அல்லேம்" என்கிறாள். கட்டிய மனைவி சொல்லும் பதில் இது! அதோடு விடாமல், என்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி, முல்லை வேலி சூழ்ந்த நல்லூருக்கு, ஒல்லென ஒலிக்கும் தேரோடு அவன் எந்நாளும் வருகிறானாம் என்று ஊரார் பேச்சையும் எடுத்துச் சொல்கிறாள். அந்தத் தேரின் ஓசை அவளுக்கு இத்தனை நாளும் எதை நினைவூட்டி வந்திருக்கும் என்பதை உங்கள் தோழி எண்ணிப் பார்த்திருந்தால், மணியோசை கேட்டு அவள் ஓடிவந்ததாக எழுதியிருக்க மாட்டார். பேகன் திரும்பி வந்தானா என்பதை இந்த ஐந்து பாடல்களும் சொல்லவில்லை. ஆகவே அவன் வந்ததாக எழுதலாம். வராமலே போனதாகவும் எழுதலாம். ஆனால், 'நான் அவனுக்கு உறவல்லள்' என்று சொன்ன வாயை மறந்துவிட்டு எழுதினால், பாத்திரத்தின் பெயர்தான் மிஞ்சும்.

உங்கள் அண்ணனுக்கும் ஒரு சொல். அகப்பாடல்களின் தலைவியும் தோழியும் செவிலியும் எந்தப் புலவருக்கும் சொந்தமானவர்கள் அல்லர். புலவர் அவர்களில் ஒருவராக நின்று பேசுகிறார். பாட்டின் கீழே 'தோழி கூற்று' என்று குறிப்பு இருக்கிறது. வியாச பாரதத்தில் இல்லாத அல்லியை மதுரையில் அரசாள வைத்து, அர்ச்சுனனை அவளிடம் படாத பாடு படவைத்தது நம் நாட்டார் கதைப்பாடல். சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் இராமன் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள் என்று புதுமைப்பித்தன் 1943-இல் 'சாப விமோசனம்' எழுதினார். இவையெல்லாம் நகல் என்று அவர் சொல்வாரானால், அந்த வாதத்தை நான் நேரிலேயே கேட்க விரும்புகிறேன்.

கூடவே ஓர் எச்சரிக்கை: கண்முன் தெரிகிற கொடைக்கானலை அப்படியே பேகன் காலத்துக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். ஏரி 1863-இல் அணை கட்டி உருவாக்கியது. தைலமரமும் பைன் காடும் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தவை. கபிலரின் 143-ஆம் பாடலில் குறவர்கள் மழை வேண்டிப் பலி தூவுகிறார்கள், மழை அளவுக்கு மிஞ்சிவிடவே மேகம் மேலே போகட்டும் என்று மறுபடியும் கடவுளை வேண்டுகிறார்கள், மழை நின்றதும் மகிழ்ந்து புனத்துத் தினையை உண்கிறார்கள். மலையில் இருக்கும் உங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை; இங்கிருந்து தொடங்குங்கள்.

கோத்தகிரி பகடை எழுதியது:

ஆசிரியர் ஐயா பாத்திரத்தைப் பற்றிச் சொன்னார். நான் ஆட்டமுறையைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே நாங்கள் சில நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ரோல்பிளே ஆடுகிறவர்கள். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழிவந்த ஆட்டம்தான். வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் போய்ப் போய் வரும் மாதங்களில் மேசையை விட்டுவிட்டு, உங்களைப் போலவே செல்பேசியில் எழுதித்தான் ஆடுவோம்.

உங்கள் தோழி செய்ததற்கு ஆட்டக்காரர்களிடையே 'காட்மோடிங்' என்று பெயர். அனேகமாக எல்லாக் குழுக்களும் அதைத் தடை செய்திருக்கின்றன. நம் பாத்திரத்தின் முயற்சியை மட்டும் எழுதி, விளைவை மற்றவரிடம் விட்டுவிட வேண்டும் என்பது விதி. 'பேகன் தேரிலிருந்து இறங்கி, கதவுக்கு முன் நின்று, அவள் பெயரைச் சொன்னான்' என்பதோடு அவர் நிறுத்த வேண்டும். கதவு திறக்குமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த பதிவு வரும்வரை அவரும் உங்களைப் போலவே காத்திருக்க வேண்டியிருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே. அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்பவர் தனியாக நாவல் எழுதிக்கொள்ளலாம், அதில் தவறொன்றும் இல்லை.

ஆயினும் "கதை நகர வேண்டாமா?" என்ற அவருடைய கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் பதில் எழுத எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லையே! ஒருவர் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுதாவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் அப்படிப்பட்டவருடைய பாத்திரம் காய்ச்சலில் படுத்துவிடும். கதை மற்றவர்களோடு நகரும். மேசை ஆட்டத்தில் இழுபறி வந்தால் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் தீர்ப்புச் சொல்வார், அல்லது இருபது முகப் பகடையை உருட்டுவோம். கண்ணகி மன்னிப்பாளா என்பதற்குப் பகடை உருட்டச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. வாய்திறக்காத அந்த இருவரில் ஒருவரை நடுவராக வையுங்கள்.

குன்னூர் மெய்ப்புநோக்குநர் எழுதியது:

வெளியிடுவது பற்றி மட்டும். சங்கப் பாடல்களுக்குப் பதிப்புரிமைத் தடை எதுவும் இல்லை. ஆனால் இக்கால உரையாசிரியர் ஒருவருடைய உரையை வரிக்கு வரி எடுத்துப் போடாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு அறுபது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன. 1987-இல் மறைந்த சாண்டில்யனின் எழுத்துகளுக்கு 2047 முடியும்வரை உரிமை உண்டு. ஆகவே உங்களுடைய பழைய மாயாஜாலக் கதைகளைக் குழுவுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. காசு வரும் இடத்தில் போடவே வேண்டாம்.

உங்கள் கதைக்குச் சிக்கல் வெளியிலிருந்து வராது, உள்ளேயிருந்துதான் வரும். நால்வரின் பங்கும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டால் அது நால்வருக்கும் பொதுவான படைப்பு. பிரித்தறிய முடிந்தால் அவரவர் பகுதி அவரவருக்குச் சொந்தம். எப்படியானாலும் ஒருவர் கணக்கில் ஏற்றுவதற்குமுன் நால்வரின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உதகை வாசகன் எழுதியது:

பொது ஓட்டத்துக்கு மாறாக ஒன்று சொல்கிறேன். இரவல் பாத்திரம் கைக்குப் பழகிவிட்டால் சொந்தமாக ஒருவரைப் படைக்கும் சோம்பல் வந்துவிடுகிறது. பல இணையக் கதைகளில் இதைப் பார்க்கிறேன். பேகன் சென்றுவந்த அந்த நல்லூர்ப் பெண்ணுக்குப் பாடல்களில் பெயரே இல்லை. அவளை எழுத உங்களில் யாரும் முன்வரவில்லையா?

பூம்பாறைவாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 144-ஐக் குழுவில் இட்டேன். தோழி தன் பதிவைத் தேர் வந்து நிற்கும் இடத்தோடு வெட்டிவிட்டாள். பதிலுக்கு, மூன்று நாளுக்குள் நான் எழுத வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். கோத்தகிரி நண்பர் சரியாகத்தான் ஊகித்திருக்கிறார். நல்லூர்ப் பெண்ணைத் தாண்டிக்குடித் தோழி கேட்டு வாங்கிக்கொண்டாள். ஐயா, உரையோடு படிக்க எந்தப் பதிப்பு நல்லது?

ஆயக்குடி தமிழாசிரியர் எழுதியது:

ஔவை துரைசாமிப் பிள்ளையின் உரை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். புறநானூறு உரையோடு அங்கே கிடைக்கும். பேகனை மட்டும் படிக்காமல், கபிலர் பாரிமகளிருக்காக அலைந்த பாடல்களையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் கபிலருக்கு அது உதவும்.