பதிவு காலாவதியான விமானத்தை ஒருமுறை ஓட்டினால் ஜெயிலா?

கேள்வி: அமெரிக்காவில் பழைய செஸ்னா 150 சிறிய விமானம் ஒன்றை வாங்கப் போகிறேன். எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவு போன மாதமே காலாவதி. பழைய ஓனர் விற்பதற்கு முன், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள், அபராதம்தானே" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில் 1: பயம் நியாயமானது, தொடாதீர்கள். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் தலைப்பு 49, பிரிவு 46306-ஐப் படியுங்கள். பதிவு இல்லை என்று தெரிந்தே ஓட்டுவது அங்கே குற்றம். 3 ஆண்டு வரை சிறை. போதைப்பொருள் கடத்தலோடு தொடர்பிருந்தால் 5 ஆண்டு வரை.

கேள்வி கேட்டவர்: நான் ஓனரே இல்லையே அண்ணா?

பதில் 1: ஓனர் மட்டுமல்ல தம்பி, அவர் அனுமதி தந்தாலும் தெரிந்தே ஓட்டுபவரும் மாட்டலாம். இப்போது உங்களுக்கு விஷயம் தெரியும், அதுதான் சிக்கல்.

பதில் 2: எரிபொருள் டேங்கையும் பாருங்கள். விதிக்குப் புறம்பாக மாற்றிய டேங்க் என்று தெரிந்து ஓட்டினாலும் இதே பிரிவுதான். நான் வாங்கிய விமானத்தில் கூடுதல் டேங்க் இருந்தது, பதிவேட்டில் ஒரு வரி கூட இல்லை. மெக்கானிக்கை வைத்துக் கழற்றிய பிறகுதான் பறந்தேன். அப்புறம், 2023 முதல் பதிவு 7 ஆண்டு செல்லும். முதலில் சான்றிதழ் கைக்கு வரட்டும்.